காணப்படாத பிறை: நிலையும் மெய்ம்மையும்

நிலை என்பது ஒரு பொருள் ஒரு காலத்தில் இருக்கும் விதம். நிலைமை என்பது பொருள்கள் இன்னவாறு அமைந்திருத்தல்; அது கைகூடவும் கூடும், கைகூடாமல் போகவும் கூடும். கைகூடிய நிலைமையே மெய்ம்மை. அன்றாடப் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிடும் இந்த மூன்றையும் பிரித்துக் காண்பது மெய்யியலின் பழைய வேலைகளில் ஒன்று. சமய வழக்குகள் பலவற்றில் இந்தக் கலப்பே சண்டைக்குக் காரணமாக இருப்பதால், அது வெறும் ஏட்டு வேலையாக நின்றுவிடுவதில்லை. இலங்கையின் வடமேற்கில், சிலாபத்திலிருந்து உடப்பு, கற்பிட்டி வழியாகப் புத்தளம் களப்பு வரை நீளும் கரை இந்த வேறுபாடுகளைக் காட்டப் போதுமான இடம்.

புத்தளத்து உப்பளங்களில் பாத்திக்குள் விட்ட நீர் வெயிலிலும் காற்றிலும் வற்றிச் செறிகிறது. முதலில் சுண்ணாம்புச் சத்து படிகிறது, பிறகு ஜிப்சம். நீரின் செறிவைக் காட்டும் போமே அளவில் அது ஏறத்தாழ 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு பளிங்காகத் தொடங்குகிறது. இத்தனையும் நீரின் நிலைகள். ஒன்று வர ஒன்று போகும். ‘இந்தப் பாத்தியில் உப்பு விளைந்துவிட்டது’ என்பது வேறு வகையைச் சேர்ந்தது. விளைந்த உப்பை அள்ளலாம், மூட்டை கட்டலாம், விற்கலாம். உப்பு விளைந்தது என்பதை அள்ளவும் விற்கவும் வழியில்லை. அது ஒரு பொருளாக எங்கும் கிடப்பதில்லை. ஆனாலும் அதைச் சொல்கிறவர் மெய் சொல்கிறாரா பொய் சொல்கிறாரா என்பது அதைக் கொண்டே தீர்கிறது.

கரையில் உள்ள பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதினாலும் கரை எப்படி இருக்கிறது என்பது அந்தப் பட்டியலில் வராது. வள்ளம், வலை, கண்டல், களப்பு, காற்று என்று பெயர்களை அடுக்கலாம். வள்ளம் தண்ணீரில் இருக்கிறதா மணலில் இருக்கிறதா, வலை கிழிந்திருக்கிறதா என்பதைப் பெயர்கள் சொல்வதில்லை. மெய்யியலாளர் விட்கென்ஸ்டைனின் 1921இல் வெளிவந்த நூல் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: உலகம் மெய்ம்மைகளால் ஆனது, பொருள்களின் குவியலாக அதைக் கருதக் கூடாது என்பது அவருடைய நிலைப்பாடு.

இந்த எண்ணம் அவரோடு பிறந்ததன்று; 14ஆம் நூற்றாண்டிலேயே அது பேசப்பட்டது. அந்த நூற்றாண்டில்தான், 1344இல், பயணி இபின் பதூதா இக்கரையில் இறங்கினார். அவர் பத்தாலா என்று எழுதிய ஊர் புத்தளமே என்று அடையாளம் காணப்படுகிறது. அதே ஆண்டையொட்டிப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ரிமினி ஊர்க் கிரகரி என்ற துறவி விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தார். அறிவின் பொருள் சொற்றொடரும் அன்று, வெளியிலுள்ள தனிப்பொருளும் அன்று, ஒரு முழு வாக்கியத்தால் மட்டுமே குறிக்கப்படக்கூடிய மூன்றாவது ஒன்று என்று அவர் வாதிட்டார். ‘கடவுள் இருக்கிறார்’ என்பதை அறிபவர் எதை அறிகிறார்? கடவுளை மட்டும் என்றால், அவரைப் பற்றிய வெவ்வேறு உண்மைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாது. சொற்களை மட்டும் என்றால், அந்த அறிவு மொழியோடு நின்றுவிடும். இந்த இடைப்பட்ட ஒன்றையே ஏறத்தாழ ஐந்தரை நூற்றாண்டுக்குப் பின் மெய்யியலாளர்கள் மைனோங்கும் அடால்ஃப் ரைனாக்கும் வேறு பெயர்களில் மீண்டும் எடுத்தார்கள்.

நிலைமை என்பது உறுப்புகளின் கூட்டுத்தொகை ஆகாது என்பதற்குக் கரையின் வரலாறே சான்று. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கற்பிட்டியைக் கைப்பற்றினர்; 1667 முதல் 1676 வரை அங்கே கோட்டை கட்டினர். போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடமிருந்து கற்பிட்டியைக் கைப்பற்றினர் என்றும் ஒரு நிலைமையை எண்ணிப்பார்க்கலாம். இரண்டிலும் உறுப்புகள் ஒன்றே: ஒல்லாந்தர், போர்த்துக்கேயர், கற்பிட்டி, கைப்பற்றுதல். கைகூடியது ஒன்று, மற்றது கைகூடாத வெறும் நிலைமை. உறுப்புகளைக் கட்டி நிறுத்துவது எது என்ற கேள்வி இங்கே எழுகிறது. கட்டுவதற்கு ஒரு தொடர்பு வேண்டும் என்றால், அந்தத் தொடர்பை உறுப்புகளோடு கட்ட இன்னொரு தொடர்பு வேண்டும். அதற்கு மேலும் ஒன்று. ஆங்கில மெய்யியலாளர் பிராட்லி 1893இல் இந்த முடிவில்லாத் தொடரைக் காட்டித் தொடர்புகளே மாயத் தோற்றம் என்றார். இந்தியத் தருக்க மரபினரான நியாய வைசேடிகர் இதே இடரை முன்பே உணர்ந்து, சமவாயம் என்ற உறவு தன்னைத் தானே பொருத்திக்கொள்ளும், அதற்கு வேறு பசை வேண்டாம் என்று நிறுத்தினர். ஆஸ்திரேலிய மெய்யியலாளர் ஆம்ஸ்ட்ராங் 1997இல் வெளியிட்ட நூலில், நிலைமையே அடிப்படை, பொருளும் பண்பும் அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை என்றார். மூன்றில் வலுவானது ஆம்ஸ்ட்ராங்கின் வழி. தனித்தனியே கிடந்த உறுப்புகள் பிறகு சேர்ந்தன என்ற தொடக்க எண்ணத்தையே அவர் விட்டுவிடுவதால் பசையைத் தேடும் தேவை எழுவதில்லை.

மெய்ம்மை என்று தனியே ஒன்று வேண்டுமா என்று ஐயுறுபவர்களும் உண்டு. மெய்யான எண்ணத்துக்கு இன்னொரு பெயரே மெய்ம்மை என்று ஜெர்மன் மெய்யியலாளர் ஃபிரேகே 1918இல் எழுதினார். 1950இல் மெய்யியலாளர் ஆஸ்டினோடு நடந்த வாதத்தில் ஸ்ட்ராசன், மெய்ம்மை என்பது நம் கூற்றுகளின் நிழல், அதை உலகத்தில் தேடினால் அகப்படாது என்று மறுத்தார். இந்த மறுப்பில் பாதி சரி: மெய்ம்மையை வாக்கியத்தின் உதவியின்றிச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. மற்றப் பாதியை ஏற்பது கடினம். பெருமழை வந்து பாத்தி உப்பைக் கரைத்துவிட்டால் உப்பளத்தவர் இழப்பது ஒரு வாக்கியத்தை அன்று. யாரும் சொல்லாவிட்டாலும் அந்த இழப்பு நேர்ந்ததே.

நிலைக்கும் மெய்ம்மைக்கும் உள்ள பெரிய வேறுபாடு காலத்தைப் பற்றியது. நிலைக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. மெய்ம்மைக்கு முடிவு இல்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 70,000க்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிடப்படுகிறது. மன்னாரிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர்; பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினர். இடம்பெயர்ந்திருத்தல் ஒரு நிலை. கிடுகு வேய்ந்த முகாம்கள் கல்வீடுகளாகலாம், ஊர் திரும்பலாம், பதிவு மாறலாம், பிள்ளைகள் புத்தளத்தையே சொந்த ஊராகச் சொல்லலாம். அப்போது அந்த நிலை சிறிது சிறிதாக முடிகிறது. 1990 ஒக்டோபரில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்ற மெய்ம்மை முடிவதில்லை. நிலை முடிந்துவிட்டது என்று காட்டி மெய்ம்மையை மறக்கச் சொல்வதும், மெய்ம்மை மாறாது என்று காட்டி இன்னும் திருத்தக்கூடிய நிலையைக் கைவிடுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். இடம்பெயர்ந்தோர் கோருவதும் பெரும்பாலும் இரண்டு: நிலை மாற வேண்டும், மெய்ம்மை ஏற்கப்பட வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதற்கு ஈடாக்க முடியாது.

இந்தக் கால வேறுபாடு இறைவனின் அறிவைப் பற்றிய பழைய வழக்கொன்றின் நடுவில் இருக்கிறது. உலகின் நிலைகள் மாறுகின்றன. அவற்றை அறிபவனின் அறிவும் கூடவே மாறுமா? மாறினால் அறிபவனும் மாறுகிறான். ஆகவே இறைவன் தனித்தனி நிகழ்ச்சிகளைப் பொதுவான விதத்தில் மட்டுமே அறிகிறான் என்று மெய்யியலாளர் இபின் சீனா கொண்டார். 1095ஐ ஒட்டி எழுதிய நூலில் இமாம் கஸ்ஸாலி இதைக் கடுமையாக மறுத்தார். மெய்யியலாரின் கொள்கைகளில் இறைமறுப்பாகும் என்று அவர் தீர்த்த மூன்றில் இது ஒன்று. இரு தரப்பும் பேசும் எடுத்துக்காட்டு சூரிய கிரகணம்: இன்னும் நிகழவில்லை, நிகழ்கிறது, நிகழ்ந்து முடிந்தது என்று மூன்று நிலைகள். நின்றுகொண்டிருப்பவரின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு இன்னொருவர் நகர்ந்தால் நின்றுகொண்டிருப்பவர் மாறிவிடுவதில்லை. அதுபோல மூன்று நிலைகளையும் தழுவும் ஒரே அறிவு மாறாமல் நிற்கும் என்பது கஸ்ஸாலியின் விடை. இதை மெய்ம்மையின் மொழியில் சொன்னால், இன்ன நாளில் இன்ன நேரத்தில் கிரகணம் என்ற மெய்ம்மை ஒன்றே, அதை அறியும் அறிவும் ஒன்றே. ஆனால் ‘இப்போது நிகழ்கிறது’ என்பதில் உள்ள ‘இப்போது’ அந்த ஒரே மெய்ம்மைக்குள் அடங்குகிறதா என்ற கேள்வி அவருடைய விடைக்குப் பிறகும் திறந்தே கிடக்கிறது. தொழுகிறவனுக்கு வேண்டியது தன் துயரம் இந்த நேரத்தில் அறியப்படுகிறது என்ற உறுதி. நாட்குறிப்பில் உள்ள ஒரு வரி அறியப்படுகிறது என்றால் அவனுக்கு அது போதாது. கஸ்ஸாலி தனிநிகழ்ச்சிகளுக்காக இவ்வளவு வாதாடியதன் காரணமும் அதுவே.

எல்லாவற்றிலும் சிக்கலானது இன்மை. உடப்புக் கரையில் இழுத்த கரைவலையில் மீன் படவில்லை என்றால், அது ஒரு மெய்ம்மைதான். ஆனால் அந்த மெய்ம்மை எதனால் ஆனது? மீன் அங்கே இல்லை. இல்லாத மீனால் எதுவும் ஆக முடியாது. மெய்யியலாளர் ரசல் தம் 1918 விரிவுரைகளில் எதிர்மறை மெய்ம்மைகளும் உண்டு என்றார்; முன்பு ஹார்வர்டில் இதைச் சொன்னபோது கிட்டத்தட்டக் கலகமே மூண்டது என்றும் குறிப்பிட்டார். அந்த வகுப்பில் இருந்த ரஃபேல் டெமோஸ் 1917இல் மறுப்பு எழுதினார்: எதிர்மறைக் கூற்று ஒவ்வொன்றும் தனக்கு ஒவ்வாத ஏதோ ஓர் உடன்பாட்டு மெய்ம்மையால் மெய்யாகிறது என்பது அவர் கட்சி. ஆம்ஸ்ட்ராங் வேறு வழி கண்டார். வலையில் உள்ளவை இவையே, இவ்வளவே என்ற ‘முழுமை’யும் ஒரு மெய்ம்மை, அது இருந்தால் மீன் இல்லை என்பது தானே வரும்.

இந்திய மரபில் இந்த வழக்கு இன்னும் நுட்பமாக நடந்திருக்கிறது. வைசேடிகத்தின் ஆறு பதார்த்தங்களோடு, அதாவது பொருள்வகைகளோடு, அபாவம் என்னும் இன்மை ஏழாவதாகச் சேர்ந்தது. அன்னம்பட்டரின் தருக்க நூலைத் தருக்கசங்கிரகம் என்று தமிழாக்கிய சிவஞான முனிவர் அபாவத்தின் வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் தந்தார். விளையாத பாத்தியில் உப்பு இல்லாமை முன்னபாவம். மழை கரைத்த பிறகு இல்லாமை அழிவுபாட்டபாவம். காற்றில் நிறம் என்றைக்கும் இல்லாமை முழுதுமபாவம். வள்ளம் வலை ஆகாமை ஒன்றினொன்றபாவம். பாத்தியைப் பார்ப்பவருக்கு முதல் இரண்டும் ஒரே காட்சிதான். ஆயினும் ஒன்று எதிர்பார்ப்பு, மற்றது இழப்பு. அவற்றை ஒன்றாக எழுதும் கணக்கு எதுவும் தவறான கணக்கு. இந்தப் பகுப்பின் அருமை இங்கேதான்.

இன்மை எப்படி அறியப்படுகிறது என்பதில் வேத விளக்க மரபினரான மீமாம்சகரே இரண்டாகப் பிரிந்தனர். 7ஆம் நூற்றாண்டுக் குமாரிலர் அதற்கெனத் தனி அளவை, அதாவது அறியும் வழி, உண்டு என்றார். பிரபாகரர், வெறுந்தரையைக் காண்பதே குடம் இல்லாமையைக் காண்பது, தனியே இன்மை என்று ஒன்று வேண்டாம் என்றார். மணிமேகலையின் சமயக்கணக்கர் காதையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளுள் அபாவமும் இருக்கிறது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அளவைகளை விரித்துக் கூறிவிட்டு, காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் மற்றவை அடங்கும் என்று சுருக்கினார். இவர்கள் யாவரையும்விட ஒரு படி மேலே போனவர் பௌத்தரான தருமகீர்த்தி. காணாமையிலிருந்து இன்மையை முடிவு கட்டலாம். ஆனால் அந்தப் பொருள் காணத்தக்கதாக இருக்க வேண்டும், காண்பதற்கு வேண்டிய மற்றக் காரணங்களும் கூடியிருக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். விளக்கில்லாத அறையில் குடத்தைக் காணவில்லை என்பது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அந்த நிபந்தனை ஒவ்வோர் ஆண்டும் இக்கரையில் சோதிக்கப்படுகிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குப் பக்கம் திறந்த கடல். கதிரவன் நீருக்குள் இறங்குவதை மரமோ மலையோ மறைப்பதில்லை. ரமழான் 29ஆம் நாள் மாலையில் தலைப்பிறை தேடுவதற்கு இதைவிடத் தெளிந்த அடிவானம் அரிது. ஆனால் ஆண்டின் சில மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் முகில் அதே அடிவானத்தில்தான் திரள்கிறது. அப்போது ‘பிறை தென்படவில்லை’ என்ற செய்தி கரையிலிருந்து போகிறது. அந்தச் செய்தி சொல்வது என்ன?

அதற்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. நிலவு அடிவானத்துக்கு மேலே இருக்கிறதா என்பது வானத்தின் நிலை. அது காணத்தக்கதா என்பது அடுத்தது: கதிரவனிலிருந்து ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைவாக விலகியிருக்கும்போது பிறை உருவாகித் தெரிவதே இல்லை என்பது பிரெஞ்சு வானியலாளர் தான்ஜோன் கண்ட எல்லை. ஒருவர் கண்டார் என்பது அதற்கு மேல். கண்டவரின் சாட்சியம் ஏற்கப்பட்டது என்பது இன்னொன்று. கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடுவோர், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் சேர்ந்திருக்க, முடிவை அறிவித்தனர் என்பது கடைசி. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு மெய்ம்மை நிற்கிறது. மேலுள்ளது கீழுள்ளதிலிருந்து தானாக வருவதில்லை. கீழுள்ளது மேலுள்ளதால் மாறுவதும் இல்லை.

முகில் மூடிய மாலையில் தருமகீர்த்தியின் நிபந்தனை நிறைவேறவில்லை. பிறை இல்லை என்று யாராலும் முடிவு கட்ட முடியாது. நபிவழியும் அப்படி முடிவு கட்டச் சொல்லவில்லை. பிறை மறைக்கப்பட்டால் மாதத்தை 30 நாளாகப் பூர்த்தி செய்யுங்கள் என்பதே கட்டளை. வானத்தில் என்ன இருந்தது என்ற கேள்விக்கு அங்கே விடை சொல்லப்படுவதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் விடை சொல்லப்படுகிறது. அறியாமையை இன்மையாக்காமல், அறியாமையோடே செயலுக்கு வழி காட்டும் இந்த விதியின் நேர்த்தியைத் தருக்க நூல்கள் போதிய அளவு கவனித்ததில்லை.

வானியல் கணக்கை ஏற்போருக்கும் கண்ணால் காண்பதை ஏற்போருக்கும் இடையிலான வாதமும் இந்த அடுக்குகளைப் பிரித்தால் வேறு உருவம் கொள்கிறது. ஒரு தரப்பு நிலவின் நிலையைச் சொல்கிறது. மற்றது காணப்பட்டதா என்பதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே மாலையில் மெய்யாக இருக்கலாம். ஒரு மெய்ம்மையைப் பற்றி இருவர் முரண்படுவதாகத் தோன்றுவது, எந்த மெய்ம்மையை மாதத்தின் தொடக்கத்துக்கு நிபந்தனையாக்குவது என்ற வழக்குதான். அதை வானியலால் தீர்க்க முடியாது. அது மார்க்கச் சட்டத்துக்குள் தீர வேண்டியது. பக்கத்து ஊர்க்காரன் பொய் சொல்கிறான் என்ற குற்றச்சாட்டு பல வேளைகளில் இந்தக் குழப்பத்தால் வருகிறது.

அறிவிப்பால் உண்டாகும் மெய்ம்மைகளுக்கு இக்கரையில் பழைய சான்றும் இருக்கிறது. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் சிலாபத்துக்கு அருகே முன்னேசுவரம் கோயிலுக்கு நிலக்கொடை வழங்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. கொடைக்கு முன்னும் பின்னும் அந்த மண்ணின் நிலையில் ஒரு மாற்றமும் இல்லை: அதே வயல், அதே வரம்பு. ஆனாலும் அது இன்னாருக்குரியது என்ற புதிய மெய்ம்மை ஒன்று உண்டாகிவிட்டது. வாக்குறுதி, கொடை போன்ற சமூகச் செயல்கள் சொல்லப்பட்டுக் கேட்கப்படும்போதே உரிமையையும் கடமையையும் பிறப்பிக்கின்றன என்று ரைனாக் 1913இல் விளக்கினார். 1995இல் மெய்யியலாளர் சேர்ல் இவற்றை நிறுவன மெய்ம்மைகள் என்று வகுத்து, அவை மனிதரின் கூட்டு ஏற்பில் தாங்கி நிற்கின்றன என்றார். 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தபோது கட்டடம் போயிற்று. கோயிலுக்கு அந்த இடம் உரியது என்பது அடியார்களின் ஏற்பில் இருந்ததால், 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் கோயில் அதே இடத்தில் மீண்டும் எழ முடிந்தது. மனிதர் ஏற்பதால் நிற்கும் மெய்ம்மை உறுதி குறைந்தது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: கல் இடிந்தபோது ஏற்பு இடியவில்லை.

ஏற்பு எதையும் மெய்யாக்கிவிடும் என்று இதிலிருந்து பொருள் கொள்ள முடியாது. இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமர் முன்னேசுவரத்தில் சிவனை வழிபட்டார் என்பது தலத்தின் மரபு. இங்கே இரண்டு நிலைமைகள் உள்ளன. அடியார்கள் அப்படி நம்புகிறார்கள் என்பது ஒன்று. அது ஐயமற்ற மெய்ம்மை, விழாவும் நேர்த்தியும் அதன் மேல் நடக்கின்றன. இராமர் அங்கே வழிபட்டார் என்பது மற்றொன்று. அது கைகூடிய நிலைமையா என்பது நம்புவோரின் தொகையால் தீர்வதன்று. மன்னனின் கொடையைப் போல அறிவித்ததும் ஆகிவிடுவதும் அன்று. உடப்பில் திரௌபதை அம்மனுக்காகத் தீ மிதிப்பவரிடமும், தலவில அன்னம்மாள் திருநாளுக்கு வருபவரிடமும், பிறை தேடி மேற்கே பார்ப்பவரிடமும் இந்த இரட்டை உண்டு. நம்பிக்கை என்ற நிலை அவர்களுடையது. அது மனித வாழ்வைப் பற்றிய மெய்ம்மை, அதை ஆய்பவர் மறுக்க முடியாது. நம்பப்படுவது அவர்களுடைய ஏற்பைத் தாண்டி நிற்பது என்றே அவர்களும் கொள்கிறார்கள். இறைவனின் இருப்பு தங்கள் உடன்பாட்டால் ஆன நிறுவன மெய்ம்மை என்று சொன்னால் அவர்களில் யாரும் ஒப்பார். சமயத்தை முழுவதும் சமூக ஏற்பாகவே விளக்கும் ஆய்வுகள் முதல் மெய்ம்மையைச் சரியாக விவரிக்கின்றன. இரண்டாவதைப் பற்றி அவை இன்னும் எதுவும் சொல்லவில்லை.